"எங்க?"ன்னு கேக்குறவரு, "யாரு?"ன்னு கேக்குறவரு

எல்லாருக்கும் வணக்கம். இந்த சிங்கப்பூர்ல நமக்கு வாரத்துல ஒரே ஒரு நாள் லீவு, தேக்கா போயி ஊருக்கு காசு அனுப்பி காய்கறி வாங்கி சமைச்சி துணி தொவச்சி தூங்குற நாளு, அதுல ரெண்டு மணி நேரத்த ஒதுக்கி வந்து உக்காந்திருக்கீங்க, ரொம்ப சந்தோஷம். முன் வரிசையில இருக்கிற தம்பிங்க நெறைய பேரு சேஃப்டி சூப்பர்வைசர் கோர்ஸ் இப்பத்தான் முடிச்சிருக்காங்கன்னு சொன்னாங்க. அதனால உங்கள பாத்தே பேசுறேன்.

நான் 2005-ல வொர்க் பெர்மிட்ல வந்தேன், பார்ம்ஒர்க் வேலை, அதாவது கான்கிரீட் ஊத்துறதுக்கு பேனல் அடிச்சி கழட்டுற வேலை. 2014-லேருந்து சூப்பர்வைசர். ஒம்போது வருஷம் கீழ நின்னு பாஸ் மூஞ்சிய பாத்தேன், அதுக்கப்புறம் என் மூஞ்சிய மத்தவங்க பாக்குறாங்க. நல்ல பாஸ் யாரு கெட்ட பாஸ் யாருன்னு கேட்டா சிரிச்சி பேசுறவரு, தீபாவளிக்கு பிரியாணி வாங்கி குடுக்குறவருன்னு சொல்லுவோம். நானும் அப்படித்தான் நெனச்சேன். இப்போ நான் பாக்குறது ஒண்ணே ஒண்ணுதான், ஒரு கெட்ட செய்தி அந்த ஆளுகிட்ட எவ்வளவு சீக்கிரம் போய் சேருதுங்கிறது.

2008-ல நடந்தத சொல்றேன். பேனல் கழட்டும்போது என் எடது கை நடுவிரல் மாட்டிக்கிச்சு, நகம் பேந்து ஒரே ரத்தம். அப்போ இருந்த சூப்பர்வைசர் ஓடி வந்தாரு. வந்ததும் கேட்ட முதல் கேள்வி "யாரு பேனல விட்டது?" என் கைய அவரு பாக்கவே இல்ல. அந்த நேரத்துல சட்டம் எப்படின்னா டாக்டர் 3 நாளைக்கு மேல எம்சி, அதாவது மெடிக்கல் லீவு, குடுத்தாத்தான் கம்பெனி எம்ஓஎம்முக்கு, அதாவது மனிதவள அமைச்சுக்கு, ரிப்போர்ட் பண்ணணும். அதனால கிளினிக்ல டாக்டர்கிட்ட அவரே உள்ள வந்து பேசி 2 நாள் எம்சி வாங்குனாரு, மூணாவது நாள் கட்டு போட்ட கையோட என்ன கொண்டு போயி கண்டெய்னர் ஆபீஸ்ல உக்கார வச்சாரு, வேலைக்கி வந்த கணக்கு. நான் வாயத் தொறக்கல. ஏஜென்ட்டுக்கு குடுத்த காசுக்கு ஊர்ல வட்டி ஓடிக்கிட்டு இருக்கு, பெர்மிட்ட கேன்சல் பண்ணிட்டா என்ன செய்யுறது? இங்க இருக்கிற எல்லாருக்கும் அந்த பயம் தெரியும், நான் விளக்க வேணாம்.

இப்போ அந்த சட்டம் மாறிடுச்சு. 2020 செப்டம்பர் 1-லேருந்து வேலையில அடிபட்டு ஒரு நாள் எம்சி குடுத்தாலும், லைட் டூட்டின்னு லேசான வேலை குடுத்தாலும் கூட ரிப்போர்ட் பண்ணியாகணும். தம்பிங்களா இத மனசுல வச்சிக்கங்க.

அதே கம்பெனியில வேற சைட்டுக்கு மாத்துனாங்க. அங்க ஒரு சீன போர்மேன், வயசானவரு, நாங்க அங்கிள்னுதான் கூப்பிடுவோம். காலையில டூல்பாக்ஸ் மீட்டிங், அதான் வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பாதுகாப்ப பத்தி பேசுற கூட்டம், முடிஞ்சதும் எல்லாரும் கலைஞ்சி போவோம்ல, அப்போ அவரு ஒவ்வொரு குரூப்பா வந்து நிப்பாரு. "டுடே வாட் பிராப்ளம்?" அவ்வளவுதான். யாராவது ஏதாவது சொன்னா "வேர்? கம், ஷோ மீ"ன்னு முன்னாடி நடப்பாரு. தமிழ் தெரியாது, எங்களுக்கு இங்கிலீஷ் அரைகுறை, கைய காட்டி காட்டியே பேசிக்குவோம். ஒரு தடவ கூட அவரு முதல்ல "யாரு பண்ணது"ன்னு கேட்டு நான் பாக்கல. மொதல்ல எடத்த பாப்பாரு, சரி பண்ணுவாரு, அப்புறம் சாயங்காலம் அந்த ஆள தனியா கூப்பிட்டு பேசுவாரு. திட்டவும் செய்வாரு, நல்லா திட்டுவாரு, ஆனா தனியா. அவரு சைட்ல ஒரு நட்டு லூஸா இருந்தாலும் பத்து நிமிஷத்துல அவருக்கு தெரிஞ்சிரும்.

அந்த அங்கிள்தான் எனக்கு நிக்கல் ஹைவேங்கிற ரோட்டுல நடந்த விபத்து கதைய சொன்னாரு. நான் வர்றதுக்கு முந்துன வருஷம், 2004 ஏப்ரல் 20. சர்க்கிள் லைன் எம்ஆர்டி ரயிலுக்கு தோண்டிக்கிட்டு இருந்த பள்ளம், 30 மீட்டர் ஆழம், மத்தியானம் மூணரை மணிவாக்குல அப்படியே உள்வாங்கிடுச்சு, மேல இருந்த ரோடும் சேந்து போச்சு. நாலு பேரு செத்தாங்க. அப்புறம் விசாரணை கமிட்டி உக்காந்து பாத்தப்போ தெரிஞ்சது என்னன்னா, முட்டுக்கம்பிய தாங்குற ஜாயின்ட்டோட டிசைனே பத்தல, அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பள்ளத்து சுவரு நெனச்சதுக்கு மேல வளையுதுன்னு கருவி முன்னாடியே காட்டியிருக்கு, அந்த எச்சரிக்கைய யாரும் சரியா மதிக்கல. வேலைய நிறுத்தாம, இவ்வளவு வளையலாம்னு இருந்த அளவ ஏத்திக்கிட்டே போயிருக்காங்க. கெட்ட செய்தி வந்துருக்கு, வந்த செய்திய ஏத்துக்கத்தான் ஆள் இல்ல. அந்த பள்ளத்துல ஹெங் யாவ் பியாவ்னு ஒரு போர்மேன் இருந்தாரு. தன் ஆளுங்கள மொதல்ல வெளிய அனுப்பி வச்சாரு, அவரு வெளிய வரல. அவரு உடம்பு கடைசி வரைக்கும் கெடைக்கவே இல்ல. இத சொல்லும்போது அங்கிள் கண்ணு கலங்கிடும், எனக்கும் இப்போ தொண்ட அடைக்குது. வேலையிட பாதுகாப்பு சட்டம் 2006-ல வந்ததுக்கு அந்த விபத்தும் ஒரு காரணம்.

இங்க பெரியவங்க சில பேரு இருக்கீங்க, உங்க தாத்தா காலத்துல மலாயா ரப்பர் தோட்டத்துல கங்காணி இருந்தாங்க. அவங்கள பத்தி நல்லதும் கெட்டதுமா கேட்டிருப்பீங்க. 1938-ல இந்தியா கூலி ஆள் அனுப்புறத நிறுத்துற வரைக்கும் அவங்கதான் ஊருக்கு போயி ஆள் கூட்டிட்டு வருவாங்க. அன்னன்னைக்கி வேலைக்கி எறங்குன ஆளுக்கு தலைக்கு இவ்வளவுன்னு கங்காணிக்கு காசு. அப்போ ஒருத்தன் காய்ச்சல்ல படுத்தா கங்காணிக்கு நஷ்டம், படுக்க விடுவாரா? அவரு நல்ல மனுஷனா இருந்தாலும் அந்த காசு அவர மாத்திடும். இன்னைக்கி நம்ம சைட் கேட்டுல போர்டு வச்சிருப்பாங்க பாருங்க, விபத்து இல்லாத நாள் இத்தனைன்னு. நல்ல விஷயந்தான். ஆனா அந்த நம்பர பாத்து சூப்பர்வைசருக்கு போனஸ் குடுத்தீங்கன்னா வெரல் நசுங்குனவன கண்டெய்னர்ல கொண்டு போயி உக்கார வைப்பாங்க. என்ன வச்சாங்களே. மேனேஜருங்க யாராவது இங்க இருந்தா தயவு செஞ்சி இத யோசிங்க.

சரி, என் தப்ப சொல்றேன். 2016. அன்னைக்கி ஸ்லாப் கான்கிரீட், மிக்சர் லாரி மூணு வெளிய நிக்குது, ரோட்ட மறிக்குதுன்னு போன் மேல போன். புதுக்கோட்டை பையன் ஒருத்தன் ஓடி வந்து "அண்ணே அந்த சாரத்து கிளாம்ப் ஆடுதுண்ணே"ங்குறான். நான் முப்பது பேரு முன்னாடி கத்துனேன், "நீ என்னடா இன்ஜினியரா? போயி வேலைய பாரு." அவன் மொகம் சுருங்கிப் போச்சு, அத நான் பாத்தேன், பாத்துட்டு திரும்பிட்டேன். அன்னைக்கி ஒண்ணும் ஆகல, கான்கிரீட் நல்லபடியா முடிஞ்சது.

அதுக்கப்புறம் மூணு மாசம் என்கிட்ட ஒரு கம்ப்ளெயின்ட்டும் வரல. சைட் ரொம்ப நல்லா போகுதுன்னு நான் நெனச்சிக்கிட்டேன். ஒரு நாள் ரீபார் கம்பிக் கட்ட மேல தூக்குறதுக்கு முன்னாடி கை தவறி என் கிளவுஸ் கீழ விழுந்துச்சு, குனிஞ்சி எடுக்கும்போது பாத்தா, தூக்குற பெல்ட்டு ஓரம் பாதி கிழிஞ்சிருக்கு, அது மேல கருப்பு டேப்ப நீட்டா சுத்தி வச்சிருக்கு. எத்தன நாளாச்சின்னு கேட்டா ஒரு மாசமாம். ஒரு மாசமா அந்த பெல்ட்டுக்கு கீழ நாங்க நடந்துருக்கோம். "யாருடா"ன்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. டேப்ப சுத்துனது எவன் கையா வேணா இருக்கட்டும், சுத்த வச்சது நான்தான.

மறுநாள் டூல்பாக்ஸ் மீட்டிங்ல அந்த பையன முன்னாடி கூப்பிட்டேன். அன்னைக்கி நான் கத்துனது தப்பு, நீ சொன்னது சரி, மன்னிச்சிக்கடான்னு அதே முப்பது பேரு முன்னாடி சொன்னேன். உடனே எல்லாம் மாறிடுச்சுன்னு நெனைக்காதீங்க. ரெண்டு வாரம் ஒருத்தனும் வரல. தெனமும் அங்கிள் மாதிரியே ஒவ்வொரு குரூப்பா போயி நின்னு கேட்டேன், "ஒண்ணுமில்லண்ணே, ஒண்ணுமில்லண்ணே"ன்னாங்க. பயம் போக நாளாகும்.

ஆபீஸ் வேலை பாக்குறவங்களும் வந்திருக்கீங்க, உங்க எடத்துல கிளாம்ப்பும் பெல்ட்டும் இல்ல, ஆனா புராஜெக்ட் லேட்டாகப் போறது கீழ இருக்கிறவனுக்கு எல்லாம் தெரிஞ்சி மேனேஜருக்கு மட்டும் கடைசி வாரந்தான் தெரியுதுன்னா அதுவும் டேப் சுத்துன பெல்ட்டுதான்.

சம்பளத்த பத்தியும் ஒரு வார்த்த. மாசம் முடிஞ்சி 7 நாளுக்குள்ள சம்பளம், ஓவர்டைம் காசு 14 நாளுக்குள்ள, பே ஸ்லிப்பும் குடுக்கணும். எங்க பாஸ் கரெக்ட்டா சம்பளம் போடுறாரு, ரொம்ப நல்லவருன்னு சில தம்பிங்க சொல்லும்போது எனக்கு மனசு கஷ்டமா இருக்கும். அது சட்டம்ப்பா. அத குடுக்குறதுக்கு நன்றி சொல்ல வேண்டியதில்ல.

2022-ல இந்த நாட்டுல வேலையிடத்துல 46 பேரு செத்தாங்க. அந்த செப்டம்பர்லேருந்து அடுத்த மே வரைக்கும் எம்ஓஎம் ஒரு கெடுபிடி வச்சாங்க, பெரிய விபத்துன்னா கம்பெனி தலைவரே நேர்ல வந்து பதில் சொல்லணும்னு. அடுத்த வருஷம் அது 36 ஆச்சு. கொறஞ்சதுக்கு பல காரணம் இருக்கும். ஆனா மேல உக்காந்திருக்கிறவர் பதில் சொல்லணும்னு வந்துட்டா கேள்வி கேக்குற விதமே மாறும், அத என் சைட்லயே பாத்தேன்.

அந்த புதுக்கோட்டை பையன் மூணாவது வாரம் வந்தான். சாப்பாட்டு நேரம், நான் லாரி நெழல்ல பொட்டலத்த பிரிச்சிக்கிட்டு இருந்தேன். கொஞ்ச நேரம் தள்ளியே நின்னான், அப்புறம் "அண்ணே, மூணாவது மாடி படிக்கட்டுல கைப்பிடி ஒண்ணு ஆடுதுண்ணே"ன்னான். கை கூட கழுவல, பொட்டலத்த அப்படியே மூடி வச்சிட்டு "எங்கடா, வா காட்டு"ன்னு எந்திரிச்சேன்.