நீலச் சுடரை நம்பாதீர்கள்: விமான எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது?

(திரையில்: கல்லடிப் பாலம், பின்னேரம்)

வணக்கம், காற்று கொஞ்சம் இரைகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். "இப்போதைய பிளேனுக்குப் பின்னால் கரும்புகையே வருவதில்லையே மாமா, பிறகென்ன மாசு?" என்று மருமகன் கேட்டான், அதற்குத்தான் இந்த வீடியோ.

(திரையில்: குப்பி விளக்கும் மண்ணெண்ணெய் குக்கரும்)

கரண்ட் போனால் அம்மம்மா கொளுத்தும் விளக்கு இது. மஞ்சள் சுடர், நுனியில் கறுப்பாக ஒரு நூல் எழும்பிச் சுவரில் படிகிறது, எண்ணெய்க்குக் காற்றுப் போதவில்லை. பக்கத்தில் குக்கர், அதே மண்ணெண்ணெய்தான், ஆனால் நீலச் சுடர், சட்டியில் கரி பிடிப்பதும் குறைவு. விமானம் குடிக்கும் ஜெட் ஏ-1 எரிபொருளும் இந்த மண்ணெண்ணெய்க் குடும்பம்தான். சரி, கரி இல்லையென்றால் சுத்தம் என்று நினைப்போம், அங்கேதான் ஏமாறுகிறோம்.

எஞ்சினுக்குள் நெருக்கி அடைத்த, ஏற்கனவே சூடேறிய காற்றோடு எரிபொருள் கணக்குப் பிசகாமல் சேர்ந்தால் சுடர் 2000 பாகை செல்சியசைத் தாண்டும். அந்தச் சூட்டில் காற்றிலுள்ள நைதரசனே ஒட்சிசனோடு சேர்ந்து நைதரசன் ஒட்சைட்டாகிவிடும், புகை தெரியாவிட்டாலும் மாசு இதுதான். எரிபொருளை மிச்சம் பிடிக்க அமுக்கத்தைக் கூட்டினாலோ, இது இன்னும் ஏறும்.

(திரையில்: தகன அறையின் குறுக்குவெட்டு)

ஆகவே தவிர்க்க வேண்டியது அந்தக் கச்சிதமான கலவையைத்தான். ஒரு வழி, எரிபொருள் எரியும் இந்தத் தகன அறையின் முன்பக்கத்தில் வேண்டுமென்றே எரிபொருளைக் கூட்டி எரித்து, பிறகு பக்கத் துளைகளால் காற்றை ஒரேயடியாக அடித்து, கலவையைச் சட்டென்று மெலிய வைப்பது. முதலை கிடக்கும் துறையில் தோணி வலிப்பதுபோல, நடுவில், அந்தக் கச்சிதமான கலவையில், நின்று வாய் பார்க்கக்கூடாது! எஞ்சின் செய்யும் பிராட் அண்ட் விட்னி கம்பனியின் டேலன் தகன அறை இந்த வகை.

இன்னொன்று, தொடக்கத்திலேயே காற்றைக் கூட்டி எரிப்பது. ஏ320 நியோ விமானங்கள் சிலவற்றில் வரும் லீப் எஞ்சினில் நடுவே, அணையாமல் காக்கும் ஒரு சிறு சுடர், பைலட் சுடர் என்பார்கள், அதைச் சுற்றிச் சுழலும் காற்றில் எரிபொருள் கலந்து எரியும். எனக்கு இதுதான் அழகு, ஆனால் தலையிடியும் இதுதான்: மெலிந்த சுடர் அணையப் பார்க்கும், சிலவேளை குமுறும். அதனால்தான் ஓடுபாதைக்கு உருண்டு போகும்போது, சூடு குறைவாக இருக்கையில், பைலட் சுடரை மட்டும் எரிய விடுகிறார்கள்.

(திரையில்: மட்டக்களப்பு விமான நிலையம்)

அப்புறம் ஒன்று. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் நைதரசன் ஒட்சைட்டு வரம்பு, 26.7 கிலோநியூட்டனுக்கு மேல் உந்துவிசையுள்ள ஜெட் எஞ்சின்களுக்குத்தான். அதுவும் விமானம் மேலெழும்பி, தரையிறங்கும் நேரக் கணக்கு, ஏறத்தாழ 915 மீற்றர் உயரம் வரை. இங்கே வந்திறங்கும் செஸ்னா கரவான் காற்றாடி விமானம், அந்த வரம்புக்குள் அது வராது.