சட்டியும் அகப்பையும்: பொது மருத்துவமனைக்கு அரசுப் பணம் போய்ச் சேரும் வழி

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று சொல்வது உண்டு. பொது மருத்துவமனைகளின் குறைகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அமைச்சர்களும் அதிகாரிகளும் மருத்துவர்களும் இதைத்தான் வெவ்வேறு சொற்களில் சொல்கிறார்கள்: பணம் போதவில்லை. அது பல நாடுகளில் உண்மையும்கூட. 2001-ஆம் ஆண்டு நைஜீரியாவின் அபுஜா நகரில் கூடிய ஆப்பிரிக்க நாடுகளின் தலைவர்கள், தம் அரசுகளின் வரவு செலவுத் திட்டத்தில் நூற்றுக்குக் குறைந்தது 15 பங்கைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவதாக உறுதியளித்தார்கள். அந்த அளவை எட்டிய நாடுகள் மிகச் சிலவே. ஆனால் சட்டியில் இருப்பதெல்லாம் அகப்பையில் வந்துவிடுவதும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2010-ஆம் ஆண்டு அறிக்கை, சுகாதாரத்துக்கென்று உலகம் செலவிடும் தொகையில் நூற்றுக்கு 20 முதல் 40 பங்கு வரை வீணாகிறது என்று மதிப்பிட்டது. ஊழல் அதில் ஒரு பகுதிதான். யாரும் திருடாமலேயே, எல்லோரும் விதிப்படி நடந்துகொண்டிருக்கும்போதே வீணாகும் பணமும் அதில் அடங்கும். இன்றைய என் உரை சட்டியைப் பற்றியது அன்று, அகப்பையைப் பற்றியது.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1883-இல் பிஸ்மார்க்கின் ஜெர்மனி, தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து சந்தா கட்டும் நோய்க் காப்பீட்டைச் சட்டமாக்கியது. 1948 ஜூலை 5 அன்று பிரிட்டன், பெரும்பாலும் வரிப்பணத்தைக் கொண்டு அனைவருக்கும் இலவச மருத்துவம் தரும் தேசிய சுகாதார சேவையைத் தொடங்கியது. பின்னால் வந்த நாடுகள் பலவும் இவ்விரண்டையும் வெவ்வேறு அளவில் கலந்துகொண்டவைதாம். இரு வழியிலும் இறுதியில் அரசின் கையிலோ, அரசு வகுத்த விதிகளுக்குள் இயங்கும் நிதியத்தின் கையிலோ ஒரு பெருந்தொகை வந்து சேர்கிறது. அதை எந்த மருத்துவமனைக்கு, எந்தக் கணக்கில், எப்போது அனுப்புவது என்ற இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

மிகப் பழைய முறை, இன்றும் அரசு மருத்துவமனைகளில் பரவலாக இருக்கும் முறை, தலைப்புவாரியான ஒதுக்கீடு. சம்பளம், மருந்து, மின்கட்டணம், எரிபொருள், பராமரிப்பு, தளவாடம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்குத் தலைப்பு இருக்கும். ஒவ்வொரு தலைப்பின் கீழும் ஒரு தொகை இருக்கும். ஒன்றில் மிஞ்சியதை இன்னொன்றுக்கு மாற்ற மேலிடத்து உத்தரவு வேண்டும். 300 படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். அங்கே செவிலியர் பணியிடங்களில் நாற்பது காலியாகக் கிடக்கின்றன என்று வைத்துக்கொண்டால், அந்த நாற்பது பேருக்கு ஒதுக்கிய சம்பளம் செலவாகாமல் கணக்கில் நிற்கும். அதே மருத்துவமனையில் நிதியாண்டின் எட்டாம் மாதத்திலேயே கையுறையும் தையல் நூலும் தீர்ந்துவிடுகின்றன. கண்காணிப்பாளர் கடிதம் எழுதுகிறார். கோப்பு இயக்குநரகத்துக்குப் போய், அங்கிருந்து நிதித் துறைக்குப் போய், ஒரு விளக்கம் கேட்டுத் திரும்பி வருகிறது. அவர் விளக்கம் அனுப்புவதற்குள் ஆண்டு முடிந்துவிடுகிறது. சம்பளத் தலைப்பில் நின்ற பணம் காலாவதியாகிறது. அதோடு விடுகிறதா என்றால் இல்லை. சென்ற ஆண்டு செலவாகவில்லை என்பதையே காரணமாகக் காட்டி, அடுத்த ஆண்டின் ஒதுக்கீடும் குறைக்கப்படுகிறது. இதற்கிடையே நோயாளியின் உறவினர் கையுறை வாங்க வெளி மருந்துக்கடைக்குச் சீட்டோடு ஓடுகிறார். ஒரே கட்டடத்தில், ஒரே நாளில், அரசின் கணக்கில் பணம் மிஞ்சிக் கிடக்கிறது, நோயாளியின் மடியில் பணம் கரைகிறது.

இயந்திரங்களின் கதையும் இதே போன்றதுதான். ஸ்கேன் கருவி, ஒரு முறை மட்டும் செய்யும் மூலதனச் செலவில் வரும். திறப்பு விழாவும் நடக்கும். உத்தரவாதக் காலம் முடிந்தபின் அதற்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் வேண்டும். அது ஆண்டுதோறும் ஆகும் வருவாய்ச் செலவு, வேறொரு தலைப்பு, பெரும்பாலும் வேறொரு பிரிவின் பொறுப்பு. அங்கே பணம் இராது. ஓர் உதிரிபாகம் பழுதானதும் கருவி துணி போர்த்தி நின்றுவிடுகிறது. நிதியாண்டின் கடைசி வாரங்களிலோ இதற்கு நேர்மாறான காட்சியைக் காணலாம்: பணம் திரும்பிப் போய்விடுமே என்ற பதற்றத்தில், தேவையோ தேவையில்லையோ, நாற்காலிகளும் கணினிகளும் வந்து இறங்கும், காலாவதிக்குச் சில மாதங்களே இருக்கும் மருந்துகள்கூடக் கிடங்குக்குள் வந்துவிடும்.

இந்த விதிகளை அறிவில்லாதவர்கள் எழுதிவிடவில்லை என்பதையும் நான் சொல்ல வேண்டும். மக்கள் பிரதிநிதிகள் மருந்துக்கென்று ஒப்புதல் அளித்த பணம் மருந்துக்குத்தான் போக வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பே. ஆனால் நேர்மையற்ற ஒருவரைத் தடுக்கப் போட்ட வேலி, நேர்மையான பத்துப் பேரையும் அசையவிடாமல் நிறுத்திவிடுகிறது. எந்தத் தொகைக்கு எவ்வளவு வேலை நடந்தது என்று இந்த முறை கேட்பதே இல்லை. எந்தத் தலைப்பில் செலவானது என்று மட்டும் கேட்கிறது. தணிக்கை ஆட்சேபம் எதுவும் இல்லாத மருத்துவமனை நன்றாக நடக்கும் மருத்துவமனையாகத்தான் இருக்க வேண்டும் என்பது இல்லை. அதன் கண்காணிப்பாளர் எதையும் வாங்கத் துணியாதவராகவும் இருக்கலாம்.

தாமதத்தைப் பற்றியும் ஒரு சொல். ஒதுக்கீடு என்பது வேறு, விடுவிப்பு என்பது வேறு. ஆண்டின் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட தொகை, தவணை தவணையாக, அதுவும் பிந்தியே வந்து சேர்ந்தால், மருந்து வழங்கியவருக்கு மாதக்கணக்கில் பணம் நிலுவையில் நிற்கும். அடுத்த ஒப்பந்தப்புள்ளியில் அவர் அந்தக் காத்திருப்புக்கான வட்டியையும் விலையில் ஏற்றிவிடுகிறார். சிறிய நிறுவனங்கள் கலந்துகொள்ளாமலே ஒதுங்கிவிடுகின்றன. நேரத்தில் பணம் தராத அரசு, அதே மாத்திரையை அதிக விலைக்கு வாங்குகிறது. எந்தத் தணிக்கை அறிக்கையிலும் இந்த இழப்பு ஒரு தனி வரியாக எழுதப்படுவதில்லை.

அப்படியானால் செய்த வேலைக்கு ஏற்பப் பணம் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். அமெரிக்கா அதைச் செய்து பார்த்தது. 1965-இல் முதியோருக்காகச் சட்டமாக்கப்பட்ட மெடிகேர் திட்டம், மருத்துவமனைகளுக்கு ஆன செலவை ஈடுசெய்து கொடுத்தது. செலவு கூடினால் வரவும் கூடும் என்ற நிலையில் யார்தான் சிக்கனமாக இருப்பார்கள்? செலவு கட்டுக்கடங்காமல் ஏறியதால், 1983-இல் முறை மாற்றப்பட்டது. யேல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃபெட்டரும் ஜான் தாம்சனும் உருவாக்கிய நோய்வகைப் பிரிவுகளை அடிப்படையாகக் கொண்டு, ஒரு வகை நோயாளிக்கு முன்கூட்டியே இவ்வளவு என்று ஒரு தொகை நிர்ணயிக்கப்பட்டது. நோயாளி நான்கு நாள் இருந்தாலும் எட்டு நாள் இருந்தாலும் பொதுவாக அதே தொகைதான். மருத்துவமனையில் தங்கும் நாட்கள் சட்டென்று குறைந்தன. முழுதும் தேறுமுன்பே வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்ற முறையீடும், எளிய நோயைக் கடுமையான வகையில் பதிந்து கூடுதல் தொகை பெறும் உத்தியும் உடன் வந்தன. பின்னர் பல நாடுகள் இந்த முறையைத் தத்தம் தேவைக்கேற்ப மாற்றி ஏற்றுக்கொண்டன; அதன் நோய்களும் அதனோடே பயணித்தன.

பணம் கொடுக்கும் விதம் மருத்துவத்தையே திருப்பிவிடும் என்பதற்குச் சீனா இன்னும் தெளிவான சான்று. 1980-களில் அங்கே அரசு மருத்துவமனைகளுக்கான மானியம் சுருங்கியது. அதை ஈடுகட்டிக்கொள்ள, மருந்து விலையின் மேல் நூற்றுக்கு 15 வரை லாபம் வைத்து விற்க அவற்றுக்கு அனுமதி இருந்தது. மருத்துவமனையின் பிழைப்பே மருந்து விற்பனையில் இருக்கும்போது, விலை உயர்ந்த மருந்தும் தேவைக்கு மேற்பட்ட மருந்தும் சீட்டில் ஏறுவதில் வியப்பில்லை. அந்த லாபத்தை நீக்கும் சீர்திருத்தம் 2009-இல் தொடங்கி, 2017-இல்தான் எல்லாப் பொது மருத்துவமனைகளுக்கும் எட்டியது. ஒரு வாயிலைத் திறந்துவிடுவது எளிது, மூடுவதற்குப் பல ஆண்டுகள் ஆகின்றன.

மூன்றாவது வழி, மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, இதற்குள் நடத்திக்கொள் என்று சொல்வது. கனடாவின் மருத்துவமனைகள் நெடுங்காலமாகப் பெரும்பாலும் இவ்வாறே நடந்துவந்தன. தலைப்புகளின் சிறை இதில் இல்லை. நாட்டின் மொத்தச் செலவும் கட்டுக்குள் நிற்கும். ஆனால் கூடுதலாக ஓர் அறுவை சிகிச்சை செய்தால் வரவு கூடாது, செலவு மட்டுமே கூடும் என்பதால், இடுப்பு மூட்டு மாற்றுவது போன்ற, தள்ளிப்போடக்கூடிய சிகிச்சைகளுக்கு வரிசை நீண்டுகொண்டே போகும்.

ஆக, எந்த முறையும் தனித்து நிற்கத் தகுதியானது அன்று என்பது என் கருத்து. தாய்லாந்து அதைப் புரிந்துகொண்ட நாடு. 2001-இல் தொடங்கி 2002-இல் நாடு முழுவதும் பரவிய அதன் திட்டத்தில், நோயாளி ஒரு முறைக்கு 30 பாட் மட்டும் கொடுத்தால் போதும் என்பதே எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அதன் உள்ளமைப்பு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வெளிநோயாளிகளுக்கு, பதிவு செய்துகொண்ட தலைக்கு இவ்வளவு என்று ஆண்டுத் தொகை. உள்நோயாளிகளுக்கு, மொத்த வரம்புக்குள் நோய்வகைப்படி தொகை. பணத்தைக் கையாளுவது மருத்துவமனைகளை நடத்தும் அமைச்சகம் அன்று, தனியான ஒரு தேசிய அலுவலகம். எல்லாவற்றுக்கும் மேலாக, 1980-களின் முற்பகுதியிலேயே நகரத்துப் பெரிய மருத்துவமனைகளின் புதிய முதலீட்டை நிறுத்திவைத்து, அந்தப் பணத்தை மாவட்டத்து ஊர்ப்புற மருத்துவமனைகளுக்குத் திருப்பியிருந்தார்கள். திட்டத்தின் அட்டையை நீட்டுவதற்கு அருகில் ஒரு மருத்துவமனைக் கதவு இருந்ததால்தான் அட்டைக்கு மதிப்பு வந்தது.

இந்தப் பகிர்வு, எந்த ஊருக்கு எவ்வளவு என்பது, எங்கும் கசப்பானது. தேவை மிகுந்த இடத்தில் நல்ல மருத்துவம் குறைவாகவும், தேவை குறைந்த இடத்தில் மிகுதியாகவும் கிடைக்கிறது என்று 1971-இல் வேல்ஸ் நாட்டு மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் எழுதினார். தலைகீழ்ப் பராமரிப்பு விதி என்று அது பெயர் பெற்றது. அதற்கு ஒரு காரணம் வெளிப்படையானது. சென்ற ஆண்டு கொடுத்ததோடு சிறிது சேர்த்துக் கொடுப்பதே வழக்கமாக இருந்தால், ஏற்கெனவே பெரிய மருத்துவமனைகள் இருக்கும் பகுதிக்கே பணம் மேலும் போகும். கட்டிய படுக்கை நிரம்பாமல் இராது என்று அமெரிக்க ஆய்வாளர் மில்டன் ரோமர் கண்டதையும் சேர்த்துப் பார்த்தால், நிரம்பிய படுக்கைகளே மேலும் படுக்கைகள் கேட்பதற்கான சான்றாகிவிடுகின்றன. பிரிட்டனில் 1976-இல் ஒரு குழு, மக்கள்தொகை, வயது, இறப்பு விகிதம் ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொரு வட்டாரத்துக்கும் சேர வேண்டிய தொகையைக் கணக்கிடும் சூத்திரம் ஒன்றைத் தந்தது. லண்டன் பக்கத்து வட்டாரங்கள் கொதித்தன. ஒரே ஆண்டில் பிடுங்கிக் கொடுக்காமல், வளர்ச்சித் தொகையை மட்டும் பின்தங்கிய பகுதிகளுக்குக் கூட்டிக் கொடுத்து, பல ஆண்டுகளில் படிப்படியாகச் சமன் செய்ய முயன்றார்கள். அரசியல் தாங்கக்கூடிய வேகம் அவ்வளவுதான் போலும்.

வாசலில் கட்டணம் வாங்குவதைப் பற்றிச் சிலர் கேட்பார்கள். 1987-இல் மாலியின் பமாக்கோவில் ஆப்பிரிக்கச் சுகாதார அமைச்சர்கள் ஏற்ற திட்டம், மருந்து விற்ற காசை ஊர்மக்களின் மேற்பார்வையில் மீண்டும் மருந்துக்கே பயன்படுத்தலாம் என்றது. எண்ணம் நல்லதுதான், ஆனால் காசில்லாதவர் வாசலோடு திரும்பினார். உகாண்டா 2001-இல் அரசு நிலையங்களில் கட்டணத்தை நீக்கியபோது அங்கே ஏழை நோயாளிகளின் வருகை பெருகியது. ஆயினும் மிக ஏழைக் குடும்பங்களை வாட்டும் மருத்துவச் செலவு எதிர்பார்த்தபடி குறையவில்லை என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். நிலையத்தில் மருந்து இருப்பில் இல்லாதபோது, சீட்டை மட்டும் இலவசமாகப் பெற்றவர்கள் மருந்தைக் கடையில் வாங்கியதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

கணக்கும் இலக்கும் நிர்வாகத்தின் முழுக் கண்ணாகிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர் மருத்துவமனை அமைப்பு ஓர் எச்சரிக்கை. 2005-க்கும் 2009-க்கும் இடையில் அங்கே நோயாளிகள் கவனிப்பாரின்றித் துன்புற்றதை ஆராய்ந்து, 2013-இல் ராபர்ட் ஃபிரான்சிஸ் தலைமையிலான பொது விசாரணை அறிக்கை தந்தது. நிதிநிலையைச் சரிக்கட்டுவதிலும் தன்னாட்சித் தகுதி பெறுவதிலும் இலக்குகளை எட்டுவதிலும் நிர்வாகத்தின் கருத்தெல்லாம் இருந்தது. செலவைக் குறைக்கப் பணியாளர் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. தண்ணீர் எட்டாமல் படுத்துக்கிடந்த நோயாளிகளுக்கு எந்தப் பட்டியலிலும் இடம் இருக்கவில்லை. உறவினர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள் என்பதுதான் அந்த அறிக்கையில் என்னை மிகவும் உறுத்திய பகுதி.

நிதித் துறையில் இருப்பவர்களிடம் நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் எதையும் அன்று. ஒரு மருத்துவமனையைக் கட்ட ஒப்புதல் கேட்கும் கோப்பு வரும்போது, கட்டுமான மதிப்பீட்டுக்கு அடுத்த பக்கத்திலேயே, திறந்தபின் முதல் பத்து ஆண்டுகளுக்குச் செவிலியர், மருந்து, பராமரிப்பு, மின்சாரம் ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் எவ்வளவு ஆகும், அது எந்தத் தலைப்பிலிருந்து வரும் என்ற கணக்கைக் கேளுங்கள். சில ஆண்டுகளிலேயே நடத்தும் செலவு கட்டிய செலவை மிஞ்சிவிடும் என்பதை அந்தப் பக்கமே காட்டும். அது இல்லாத கோப்பைத் திருப்பி அனுப்புங்கள்.

வணக்கம்.