முழுப் பேர் போடுங்கள், நடுவர் ஐயா!

(ஹட்டனில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: விளையாட்டுத் திடலுக்கு வேஷம் கட்டி வருவது ரசனையா, ரோதனையா? 'ரசனையே' என்ற அணியின் உரை.)

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்தக் குளிரிலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, தாய்மாரே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி டீச்சர் ஒரு சிங்கத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனார். பல்லேகலையில் புல்மேட்டில் உட்கார்ந்து மெட்ச் பார்த்தாராம். முன்னால் ஒருவர் சிங்க முகமூடியும் சணல் பிடரியுமாக எழுந்து எழுந்து ஆடினாராம். ஆறு ஓவருக்குச் சணலைத் தவிர வேறொன்றும் தெரியவில்லையாம். டீச்சர், நடந்தது அநியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே ஆள் பிடரி இல்லாமல் ஒரு பெரிய குடையை விரித்துக்கொண்டு நின்றிருந்தால்? நம்முடைய ஊரில் குடை மறைக்காத மெட்ச் உண்டா? குடைக்கு எதிராக யாராவது இதுவரை பட்டிமன்றம் வைத்திருக்கிறார்களா? இன்னொன்றையும் கவனித்தேன். சிங்கத்தின் பிடரி என்ன நிறம், வால் எந்தப் பக்கம் தொங்கியது என்பதுவரை சொன்ன டீச்சர், அன்றைக்கு யார் வென்றது என்று கடைசிவரை சொல்லவேயில்லை.

நான் கணக்குப் படிப்பிக்கிறவன். ஆகவே ஒரு கணக்குப் போடுகிறேன். டெஸ்ட் போட்டியில் ஒரு நாளைக்கு 90 ஓவர், அதாவது 540 பந்து. ஒரு பந்துக்கு 10 விநாடி என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 90 நிமிடம். ஆட்ட நேரமோ 6 மணித்தியாலம். மிச்சம் நாலரை மணித்தியாலம் என்ன நடக்கிறது? பந்தைத் துடைக்கிறார்கள், களத்தடுப்பாளரை நாலு அடி தள்ளி நிற்க வைக்கிறார்கள், தண்ணீர் குடிக்கிறார்கள். மலையகம் என்றால் மழையும் வந்து கேட்காமலேயே ஒரு மணித்தியாலத்தை எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியில்தான் வேஷம் முளைக்கிறது. ஹொங்கொங்கில் நடக்கிற எழுவர் றக்பியைப் பாருங்கள். ஒரு ஆட்டம் 14 நிமிடம்தான், ஆனால் நாள் முழுக்க ஒன்றன்பின் ஒன்றாக ஆட்டம். அங்கே தெற்குப் பக்கத்து இருக்கைகள் வேஷத்துக்கே பேர் போனவை. ஆட்டம் ஓய்கிற நேரத்தில் திடலைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது வேஷக்காரர்கள்தான்.

எதிரணியின் தம்பி எழுந்து, "கிரிக்கெட்டின் தாய்வீடு லோர்ட்ஸ், அங்கேயே வேஷத்துக்கு அனுமதி இல்லையே" என்று கேட்டார். உண்மைதான், இல்லை. அது அவர்கள் வீட்டு வழக்கம். அதே இங்கிலாந்தில் லீட்ஸுக்குப் போங்கள் தம்பி. ஹெடிங்லி மைதானத்தில் டெஸ்டின் சனிக்கிழமை மேற்குப் பக்கத்து இருக்கைகளில் வேஷம் இல்லாதவரைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். சிட்னியில் ரிச்சி பெனோவைப் போலவே வெளிர்மஞ்சள் கோட்டும் நரைத்த டோப்பாவும் போட்டு, கையில் மைக்கோடு, ஒரு பெருங்கூட்டம் வந்து உட்காரும். அவர் அவுஸ்திரேலியாவின் பழைய கெப்டன், பிறகு வர்ணனையாளர். 2015இல் காலமாகிவிட்டார். கூட்டம் இன்னும் வருகிறது. இதையா ரோதனை என்கிறீர்கள்?

வேஷம் விளையாட்டைக் கேலி செய்கிறது என்றும் ஒரு குற்றச்சாட்டு வந்தது. லொயிட் ஸ்கொட் என்று ஒருவர். தீயணைப்பு வீரராக இருந்தவர், இரத்தப் புற்றுநோய் வந்து மீண்டவர். 2002 லண்டன் மரதனுக்குப் பழைய காலத்து ஆழ்கடல் சுழியோடியின் உடையைப் போட்டுக்கொண்டு வந்தார். பித்தளைத் தலைக்கவசம், ஈயச் சப்பாத்து எல்லாமாகச் சேர்ந்து 50 கிலோவுக்கு மேல். நன்கொடை திரட்டுவதற்காக அதைச் சுமந்துகொண்டு 42 கிலோமீற்றரையும் நடந்தே முடித்தார். ஐந்து நாளுக்கு மேல் எடுத்தது. அந்த மரதனை யார் முதலாவதாக ஓடி முடித்தது என்று இந்த மண்டபத்தில் யாராவது சொல்லுங்கள், நான் மைக்கை வைத்துவிட்டு இறங்கிவிடுகிறேன்.

சரி, "இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம், நமக்கு எதற்கு" என்றாரே எதிரணித் தலைவர், அதற்கு வருகிறேன். ஐயா, நீங்கள் தோட்டத்தில் பிறந்தவர்தானே? மாசி மாதம் நம் ஆட்கள் மன்மதன், ரதி வேஷம் கட்டி ஆடுகிற காமன் கூத்து பார்த்ததில்லையா? பகலெல்லாம் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டின கை, ராத்திரி ரதிக்கு வளையல் மாட்டும். காப்புக் கட்டி, விரதம் இருந்து, அதற்குப் பிறகுதான் வேஷம். மன்மதன் கட்டுகிற ஆள் அத்தனை நாளும் கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான். ஊரே அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். எங்கள் ஆட்களுக்கு வேஷம் என்பது ஒரு பொறுப்பு.

திடலிலும் அப்படித்தான். 1996 மார்ச் 13, கல்கத்தா ஈடன் கார்டன்ஸ், உலகக் கிண்ண அரையிறுதி. போத்தல் எறிந்து, இருக்கைகளுக்குத் தீ வைத்து, ஆட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். வெற்றியை இலங்கைக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. போத்தல் எறிகிறவனுக்கு முதலில் தேவை, தன்னை யாரும் அடையாளம் காணக்கூடாது என்பது. பத்தாயிரம் பேருக்கு நடுவில் ஒரே ஒரு சிங்கமாக நிற்கிறவன் எதை எறிந்துவிட்டு எங்கே ஓடுவான்? முகமூடிக்குள் ஒளியலாமே என்பீர்கள். பிடரியை எங்கே ஒளிப்பது? குடித்துவிட்டு மேலே விழுகிறார்களே என்றால், அந்த ஆள் வேட்டி கட்டினாலும் விழத்தான் போகிறான். அந்தப் பழியைச் சாராயத்தின் மேல் போடுங்கள்.

இனி என் சொந்தக் கதை. எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இல்ல விளையாட்டுப் போட்டி. கடைசி நிகழ்ச்சி வினோத உடை. என்னோடு படித்த ஒருவன் இருந்தான். பெயர் வேண்டாம், இப்போது கொழும்பில் கடையில் நிற்கிறான். நூறு மீற்றரில் வருடா வருடம் கடைசி. அந்த வருடம் அவன் தொரை வேஷம், அதாவது தோட்டத்தை நடத்துகிற அதிகாரியின் வேஷம், கட்டினான். அண்ணனின் அரைக் காற்சட்டை, முழங்கால்வரை வெள்ளை மேசு, முகத்தில் கோதுமை மா, கரியால் மீசை, கொய்யாக் கம்பு. எங்கள் லயத்து நாய்க்குச் சிவப்பு ரிப்பன் கட்டி அதையும் இழுத்துக்கொண்டு வந்தான். தலையில் நிஜமான தொரைத் தொப்பி. அவனுடைய தாத்தா தொரையின் பங்களாவில் பூந்தோட்டக்காரர், அங்கே குப்பையில் கிடந்ததை எடுத்துவந்து வைத்திருந்தார்.

நடுவர் ஐயா வெளியூர், அதனால் இரண்டு சொல்லை விளக்கிவிடுகிறேன். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று சொல்வோம். பறித்த தேயிலைக் கொழுந்து நிறை குறைந்தால், பிந்தி வந்தால், அரைப் பேர்தான். அரை நாள் சம்பளம். காலையில் ஆட்களைக் கூட்டி வேலைக்குப் பிரித்து அனுப்புவது 'பிரட்டு'.

இவன் ஒரு கொப்பியை விரித்துக்கொண்டு ஓட்டப்பந்தயம் முடிகிற கோட்டில் போய் நின்றான். ஓடி வருகிறவனைப் பார்த்து, "லேட்டு! அரைப் பேர்!" முதலாவதாக வந்தவனுக்கும் அரைப் பேர். அதிபரிடம் போய், "கூடை எங்கே? அரைப் பேர்!" கூட்டம் சிரித்துச் சிரித்து ஓய்ந்த நேரத்தில் ஜீப் வந்தது. பிரதம விருந்தாளி, நிஜமான தொரை. ஒரு மணித்தியாலம் பிந்தி வந்திருக்கிறார். நாங்கள் இவனை இழுத்து மறைக்கப் பார்த்தோம். அதற்குள் இவன் நாயோடு நேரே அவர் முன்னால் போய் நின்று, மணிக்கட்டில் பேனாவால் வரைந்திருந்த மணிக்கூட்டைப் பார்த்தான்.

"பிரட்டு எத்தனை மணிக்கு? இப்ப என்ன நேரம்? அரைப் பேர்!"

தப்பு மேளம் அடித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். அதிபரின் முகம் வெளுத்துவிட்டது, இவன் பூசியிருந்த மாவைவிட. தொரை ஒன்றும் பேசவில்லை. இவன் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "இது நம்ம தொப்பிதானே?"

அதற்குப் பிறகு வந்ததே ஒரு சிரிப்பு! தொரையும் சிரித்தார். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது அவரை அல்ல, வேலிப்பக்கம் நின்ற பெண்களை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதில் என் அம்மாவும் நின்றார். அந்த வாரம் அம்மாவுக்கு இரண்டு அரைப் பேர் விழுந்திருந்தது.

எல்லா வேஷத்துக்கும் நான் வக்காலத்து வாங்க வரவில்லை. நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில், முகத்தில் கறுப்பைப் பூசி, முதுகில் கொழுந்துக் கூடையை மாட்டி, கூனிக்கூனி நடந்த ஒரு பிள்ளைக்கு வினோத உடையில் முதற்பரிசு கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வயிறுதான் எரிந்தது. தொரை வேஷம் கட்டினவன் மேலே பார்த்துச் சிரித்தான். அங்கே குனிந்து பார்த்துச் சிரித்தார்கள். இதை எதிரணி எடுத்துப் பேசியிருந்தால் நான் கொஞ்சம் திணறியிருப்பேன். அவர்கள் சணல் பிடரியிலேயே சிக்கிக்கொண்டுவிட்டார்கள்.

மணி அடித்துவிட்டீர்கள், தெரிகிறது ஐயா. இதோ இறங்குகிறேன். எதிரணிக்கு என்ன போடுவதென்று உங்களுக்கே தெரியும். எங்கள் அணிக்கு மட்டும் கொழுந்து நிறை சரியாக இருக்கிறதா என்று பார்த்து, முழுப் பேர் போடுங்கள்.