65,536 வரிசை முடிந்ததும் காணாமல் போன நோயாளிகள்: புதிய நிரலாளர் தரவை எங்கே வைக்க வேண்டும்?

[திரையில்: வெற்று எக்செல் தாள், கீழ்நோக்கி வேகமாக நகர்கிறது]

2020ஆம் ஆண்டு செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை, இங்கிலாந்தில் கொரோனா தொற்று உறுதியானவர்களுள் 15,841 பேர் அரசின் அன்றாடக் கணக்கில் ஏறவே இல்லை. இணையத் திருடர் எவரும் புகவில்லை; எந்தக் கணினியும் பழுதாகவில்லை. ஆய்வகங்கள் அனுப்பிய சிஎஸ்வி கோப்புகளை (காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட வெறும் உரைக் கோப்புகளை) எக்செலின் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் ஏற்றியபோது, அவ்வடிவம் தாங்கக்கூடிய 65,536 வரிசைகளும் நிரம்பிவிட்டன. மிஞ்சியவை ஓசையின்றி வெட்டப்பட்டன. எக்செல் 2007 முதல் இந்த எல்லை 10,48,576 ஆக உயர்ந்துவிட்ட போதிலும், பழைய வடிவம் பழைய எல்லையோடுதான் இன்றும் இருக்கிறது.

ஒரு நாட்டின் நோய்க்கணக்கையா நாம் எழுதப்போகிறோம் என்று கேட்பீர்கள். ராமேசுவரம் இறங்குதளத்தில் மீன் எடையைப் பதியும் ஒரு சிறு செயலியை நீங்கள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். காகிதமும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் காணொளியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

[திரையில்: கணக்கு ஒவ்வொரு வரியாகத் தோன்றுகிறது]

படகுகள் 100 என்போம். பாக் நீரிணையில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள்கள்தான். மற்ற நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு உரியவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தைக் கழித்தால், ஆண்டில் ஏறத்தாழ 43 வாரங்கள் எஞ்சும். ஆகவே ஒரு படகு 129 முறை கடலுக்குச் செல்லும். கரை திரும்பும் ஒவ்வொரு முறையும் இறால், நண்டு, கணவாய், காரல், சங்காயம் என ஐந்து வரிசைகளை எழுதினால், ஆண்டுக்கு 64,500 வரிசைகள் சேரும். தலைப்பு வரிசை போக பழைய வடிவத்தில் 65,535 இடங்களே உள்ளன என்பதால், மீதி 1,035. வாரத்துக்கு 1,500 வரிசைகள் எழுதும் நீங்கள், அடுத்த ஆண்டின் முதல் வாரத்தைக்கூட அதில் முழுமையாக எழுத முடியாது! புயல் எச்சரிக்கையும் வேலைநிறுத்தமும் வந்தால் அந்த நாள் சற்றுத் தள்ளிப்போகும், தப்பிவிடாது.

இனி மாற்று வழிகளைப் பார்ப்போம். பைத்தான் நிரல்மொழியின் லிஸ்ட்டும் டிக்‌ஷனரியும் நினைவகத்தில் இருப்பவை; நிரல் நின்றால் அவையும் போய்விடும். சிஎஸ்வி கோப்புக்கு வரிசை எல்லை இல்லை என்றாலும், நடுவில் உள்ள ஓர் எடையைத் திருத்தப் பெரும்பாலும் கோப்பு முழுவதையும் மீண்டும் எழுத வேண்டியிருக்கும். ஜேசான் என்ற உரை வடிவம் செயலியின் அமைப்புகளை (செட்டிங்ஸ்) சேமிக்க நல்லது, பேரேட்டுக்கு அன்று.

என் பரிந்துரை எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருள். ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000ஆம் ஆண்டில் உருவாக்கிய இது, அமெரிக்கக் கடற்படைப் போர்க்கப்பல் ஒன்றுக்கான மென்பொருள் பணியின்போது பிறந்தது என்பதை நம் விசைப்படகுக் கணக்கோடு சேர்த்து நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்பில் அடங்கும்; தனி சர்வர் தேவையில்லை; காப்புரிமை கோரப்படாமல் பொதுவுடைமையாக விடப்பட்டது; 2006இல் வந்த பைத்தான் 2.5 முதல் பைத்தானுடனேயே சேர்ந்து வருகிறது.

அட்டவணையை அமைக்கும்போது மூன்றைக் கவனியுங்கள். படகின் பதிவு எண் எழுத்தும் இலக்கமும் கலந்தது. அதை உரையாகவே வையுங்கள். எடையைக் கிராமிலும் பணத்தைப் பைசாவிலும் முழு எண்ணாக எழுதுங்கள், ஏனெனில் 0.1உடன் 0.2ஐக் கூட்டச் சொன்னால் பைத்தான் 0.30000000000000004 என்று விடை தரும், அந்தக் கடைசி 4க்கு ஏலக்காரரிடம் விளக்கம் சொல்ல உங்களால் முடியாது. அடிக்கடி தேடும் பத்திக்கு இன்டெக்ஸ், அதாவது தேடலை விரைவாக்கும் அகரவரிசை போன்ற குறிப்பு, போடுங்கள்.

செயலாக்கத்திலும் புதியவர்கள் ஒரு வீண் வேலையைச் செய்கிறார்கள். ஒரு படகின் மாத வருமானம் வேண்டுமென்றால், 64,500 வரிசைகளையும் பைத்தானுக்குள் இழுத்து வந்து சுழற்சி ஓட்டிக் கூட்டுகிறார்கள். கூட்டும் வேலையைத் தரவுத்தளத்திடமே விட்டு, விடையை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

எஸ்கியூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே எழுத முடியும். ஒரு மேசையில் ஒரு கணினி என்றால் இது குறையே அன்று. ராமேசுவரம், பாம்பன், மண்டபம் ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் இணையம் வழியே ஒரே நேரத்தில் பதிய வேண்டிய நிலை வந்தால், தனி சர்வரில் இயங்கும் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ்குவெலுக்கு மாறுங்கள். அதுவரை அதை நிறுவுவதில் உங்கள் தடைக்கால விடுமுறையைச் செலவிட வேண்டாம். மாறும் முறை வேண்டுவோர் கருத்துப் பகுதியில் எழுதினால், அதற்கெனத் தனிக் காணொளி வெளியிடுகிறேன்.