பர்மா வயலும் பூட்டிய வீடும்

நேயர்களுக்கு வணக்கம்.

மக்கள் எங்கே நெருங்கி வாழ்கிறார்கள் என்று கேட்டால், தண்ணீரும் நல்ல மண்ணும் உள்ள இடத்தில் என்று பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும். பெரும்பாலும் சரிதான். 2011 கணக்கெடுப்பின்படி காவிரி பாயும் தஞ்சாவூர் மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 700 பேர். நம் சிவகங்கை மாவட்டத்தில் ஏறத்தாழ 320. செம்மண் காடு, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பிக் கிடக்கும் கண்மாய், குடிக்க ஊருணி. இவ்வளவுதான் நமக்கு வாய்த்தது.

அப்படியானால் நம் மாவட்டத்துக் கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீளும் வீடுகளை எந்த வயல் கட்டியது? பர்மாவின் வயல் கட்டியது.

1852இல் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்தபோது ஐராவதி ஆற்றுமுகம் பெரும்பாலும் சதுப்பும் காடுமாக இருந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. அரிசிக்கு ஐரோப்பாவில் சந்தை பெருகியது. மேல் பர்மாவிலிருந்து குடும்பம் குடும்பமாக இறங்கிவந்து காட்டைத் திருத்தினார்கள். ஏர், மாடு, விதை, முதல் அறுவடை வரைக்கும் சாப்பாடு, எல்லாவற்றுக்கும் கடன் வேண்டும். அந்தக் கடன் நகரத்தாரின், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின், கிட்டங்கிகள் என்ற வட்டிக்கடைகளிலிருந்து போனது. ஆறும் வண்டலும் ஆதிகாலம் தொட்டு அங்கேதான் இருந்தன. சந்தையும் மூலதனமும் கப்பலும் வந்த பிறகுதான் ஜனம் குவிந்தது. மக்கள்தொகைப் பரவலைப் பேசும்போது மழையையும் மண்ணையும் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விடுவது பெரிய குறை என்பேன்.

இந்தக் கதையின் மறுபக்கத்தையும் நாம் மறைக்கக்கூடாது. 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடன் அடைக்க முடியாத பர்மியக் குடியானவனின் நிலம் கைமாறியது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால்பங்கு நிலம் செட்டியார்கள் வசம் இருந்தது. உலகின் முதன்மையான அரிசி ஏற்றுமதி நாடு அது, உழுதவனுக்கோ நிலமில்லை. 1942இல் ஜப்பானியப் படை வந்தது; நம்மவர்கள் போட்டது போட்டபடி ஊர் திரும்பினார்கள்.

ஒரு நாடு முன்னேறியதா என்பதை மொத்த உற்பத்தியை வைத்து மட்டும் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. தனிநபர் வருமானம் என்பது மொத்தத்தைத் தலைக்கு வகுத்த கணக்கு. யார் கையில் எவ்வளவு என்று அது சொல்லாது. மக்கள் அடர்த்தியும் அதே வகைதான். எகிப்தில் சராசரியாகச் சதுர கிலோமீட்டருக்கு நூற்றுச் சொச்சம் பேர் என்பார்கள். உண்மையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர், நாட்டின் ஐந்து சதவீத நிலத்தில், நைல் நதியை ஒட்டி வாழ்கிறார்கள்.

இந்தக் குறையைப் போக்கத்தான் 1990இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம், பாகிஸ்தானியப் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக் முன்னின்று உழைக்க, மனித வளர்ச்சிக் குறியீட்டை வெளியிட்டது. அமர்த்தியா சென்னும் துணைநின்றார். ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் அளவு அது. எண்ணெய்ப் பணம் கொழிக்கும் ஆப்பிரிக்க நாடான எக்குவடோரியல் கினி அதில் வருமான வரிசையைவிட வெகுவாகக் கீழே நிற்கிறது. இலவசக் கல்விக்கும் மருத்துவத்துக்கும் முன்பே செலவிட்ட இலங்கை தன் வருமான வரிசையைவிட மேலே நிற்கிறது. அதுவும் சராசரிதான், ஆனாலும் மனிதனை ஓரளவு கிட்டத்தில் பார்க்கிறது.

நம் ஊரையும் அந்தக் கண்ணோடு பாருங்கள். பெரிய வீடுகள் பல இன்று பூட்டிக்கிடக்கின்றன. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் மட்டும் உள்முற்றத்து வளவில் விளக்கேற்றிப் போகிறார். ஆனால் அழகப்பச் செட்டியார் 1947இல் தொடங்கிய கல்லூரியும், அவர் நிலமும் பணமும் தந்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகமும் இன்றைக்கும் காரைக்குடிக்கு ஆட்களைக் கொண்டுவருகின்றன. அந்தப் பணம் வீட்டுக்குள் முடங்கவில்லை.

வீட்டுப் பட்டியல் கணக்கெடுப்பில் குடிநீர் வளாகத்துக்குள்ளா, அருகிலா, தொலைவிலா என்று ஒரு கேள்வி உண்டு. 2011இல் கிராமத்தில் அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் அது தொலைவு. அடுத்த முறை கணக்கெடுப்பவர் திண்ணைக்கு வரும்போது, அந்தக் கேள்விக்குக் குடம் சுமக்கும் பெண்களைப் பதில் சொல்லச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.