மூன்றாவது வரிசையில் நிற்கும் பிள்ளை

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை, வெளியே நல்ல வெயில், அதை விட்டுவிட்டு இந்த மண்டபத்துக்கு வந்திருக்கிறீர்கள், நன்றி. மவுண்டன் பைக் ஓடுகிற பிள்ளைகளின் பெற்றோருக்காகக் கொஞ்சம் கதைக்கச் சொல்லிக் கேட்டார்கள். நான் வைத்தியர் இல்லை. என் இரண்டு பிள்ளைகளும் இங்கே சுவிஸில்தான் எட்டு, ஒன்பது வயதில் ஓடத் தொடங்கினவர்கள். அவர்களுக்குப் பின்னாலே போய்ப் போய், நானும் யூகென்ட் உண்ட் ஸ்போர்ட் என்கிற சுவிஸ் அரசின் இளையோர் விளையாட்டுத் திட்டத்தில் பயிற்சி முடித்து, பத்து வருடமாகச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தப் பத்து வருடத்தில் விட்ட பிழைகளையும் சேர்த்துத்தான் சொல்லப் போகிறேன்.

முதல் பிழை இது. மகனுக்குப் பதின்மூன்று வயது, ஒரு போட்டி, தொடக்கக் கோட்டில் மூன்றாவது வரிசையில் நிற்கிறான். முன் வரிசையில் நிற்கிற பெடியனுக்கு மீசை அரும்பிவிட்டது, கெண்டைக்கால் என் கெண்டைக்கால் அளவு. இரண்டு பேரும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். விசில் அடித்தவுடன் இருநூறு மீட்டர் தட்டையான புல்வெளி, அதற்குப் பிறகு காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை, அதில் ஒருவரை ஒருவர் முந்தவே முடியாது. மகன் இருபத்தைந்தாவது ஆளாக உள்ளே போனான், இருபத்திரண்டாவது ஆளாக வந்தான். நான் வேலிக்கு வெளியே நின்று "உழக்கடா, உழக்கு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். காரில் திரும்பி வரும்போதும் விடவில்லை, பயிற்சி காணாது, கவனம் காணாது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அப்பா, நான் முழுப் பலத்தோடதான் உழக்கினனான்."

அவன் சொன்னது உண்மை. அதை விளங்கிக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் எடுத்தது. ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். 60 கிலோ பிள்ளை ஒன்று 220 வாட் வலுவோடு உழக்குகிறது. 45 கிலோ பிள்ளை 180 வாட் போடுகிறது. ஏற்றத்தில் உடம்பின் பாரத்தையும் சேர்த்துத்தானே தூக்க வேண்டும், ஆகவே கிலோவுக்கு எத்தனை வாட் என்பதுதான் அங்கே பேசும்: பெரிய பிள்ளைக்கு 3.7, சின்னப் பிள்ளைக்கு 4. மலையில் சின்னவன்தான் கெட்டிக்காரன். ஆனால் தட்டையான புல்வெளியில் மொத்த வாட்தான் பேசும், அங்கே பெரியவன் பறந்துவிடுவான், ஒற்றையடிப் பாதைக்குள் முதலில் நுழைந்துவிடுவான். சின்னவன் இருபது பேருக்குப் பின்னால் மாட்டிக்கொள்வான். அவனுடைய 4 வாட் அங்கே எதற்கும் உதவாது, முன்னால் போகிறவன் கால் ஊன்றினால் இவனும் ஊன்ற வேண்டியதுதான். முடிவுத் தாளில் இதெல்லாம் இருக்காது, "22" என்று மட்டும் இருக்கும்.

சரி, மீசை விஷயத்துக்கு வருவோம். உயரம் மளமளவென்று கூடுகிற காலம் பெண் பிள்ளைகளுக்குச் சராசரியாகப் பன்னிரண்டு வயதில் வரும், ஆண் பிள்ளைகளுக்குப் பதினான்கில். இது சராசரிதான். ஒரே வகுப்பில் படிக்கிற இரண்டு பிள்ளைகளுக்கு இடையில் உடல் வளர்ச்சியில் மூன்று, நான்கு வருட வித்தியாசம் இருப்பது சாதாரணம். முந்தி வளர்கிற பிள்ளைக்குத் தசை, இதயம், நுரையீரல், இரத்தம் எல்லாமே முந்திப் பெருகும். ஓய்வு நேரத்தில் நீங்களே பார்க்கலாம்: நின்ற உயரம், வாங்கில் உட்கார்ந்த உயரம், எடை, வயது, இந்த நான்கையும் வைத்து அந்த வளர்ச்சி உச்சத்துக்கு இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறது என்று ஓரளவு கணிக்கிற சூத்திரம் ஒன்று இருக்கிறது. சுவிஸ் ஒலிம்பிக் அமைப்பு திறமையான பிள்ளைகளைத் தெரிவு செய்யப் பயன்படுத்தும் பிஸ்டே என்ற முறையிலும் போட்டி முடிவோடு சேர்த்து உடல் வளர்ச்சி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும் கணக்கில் எடுக்கிறார்கள். இதை அவர்கள் பார்க்கும்போது, பெற்ற நாங்கள் ஏன் பார்ப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

பெரியவர்களின் போட்டி எப்படி என்றும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தெரிந்தால்தான் இப்போது எதை அவசரப்படுத்தக் கூடாது என்று விளங்கும். ஒலிம்பிக்கில் 1996 முதல் இருக்கிற கிராஸ் கன்ட்ரி என்ற மவுண்டன் பைக் போட்டி கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் போகும். அவ்வளவு நேரமும் இதயம் அதன் உச்சத் துடிப்பில் 90 சதவீதத்தை ஒட்டியே அடிக்கும். ஆனால் கால் அப்படிச் சீராக வேலை செய்வதில்லை. ஏற்றத்தில் இருபது, முப்பது வினாடி உயிரைக் கொடுத்து உழக்குவார்கள், இறக்கத்தில் பெடல் சுற்றவே சுற்றாது, உடனே அடுத்த ஏற்றம். உச்ச நிலை ஆண்களுக்கு உடல் பயன்படுத்தக்கூடிய ஆகக் கூடிய ஒட்சிசன் அளவு, கிலோவுக்கு நிமிடத்துக்கு 66 முதல் 78 மில்லிலீற்றர் வரை அளந்திருக்கிறார்கள். பெரிய இயந்திரம், சந்தேகமே இல்லை. ஆனாலும் இத்தாலியில் இம்பெல்லிசேரி குழுவினர் 2005 இல் நல்ல தரமான வீரர்களை மட்டும் எடுத்துப் பரிசோதித்தபோது, ஆய்வுகூட எண்களால் போட்டி முடிவில் பாதியைக்கூட விளக்க முடியவில்லை. மிச்சம் எங்கே? பாறையில், வேரில், வளைவில், எப்போது அடக்கி ஓடுவது, எப்போது முந்துவது என்கிற முடிவில்.

பரிஸ் ஒலிம்பிக் போட்டியைப் பார்த்திருப்பீர்கள், 2024 இல், எலன்கூர் குன்றில். பிரித்தானிய வீரர் டொம் பிட்கொக், உயரம் 1 மீட்டர் 70 தான், நடுவில் ரயர் காற்றுப் போய் அரை நிமிடத்துக்கு மேல் இழந்தார். ஒவ்வொருவராகப் பிடித்து, கடைசிச் சுற்றில் மரங்களுக்கு இடையில் பிரெஞ்சு வீரர் விக்டர் கொரெட்ஸ்கியை முந்தினார். அந்த இடைவெளியைக் குறைத்தது கால் பலம்தான். கடைசியில் அந்த மரத்தடியில் முந்தினது சின்ன வயதிலிருந்து படித்த சைக்கிள் வித்தை. எங்கள் சுவிஸ் வீரர் நீனோ ஷுர்ட்டரை எடுங்கள், 2004 இல் ஜூனியர் உலக சாம்பியன், பெரியவர்களில் பத்தாவது உலகப் பட்டம் 2022 இல். பதினெட்டு வருடம்! பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு காலம் கிடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

வித்தை என்று சொன்னேனே, அது ரயரில் தொடங்குகிறது. போன மாதம் ஒரு தகப்பன், நல்ல மனிதர், போட்டிக்கு முன் மகளின் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார், கட்டை விரலால் அமத்திப் பார்த்து, கல்லுப்போல இருக்கிறது என்று திருப்தியோடு எழும்பினார். ஊரில் தார் ரோட்டில் ஓடின எங்களுக்கு அதுதான் பழக்கம். மானி வைத்துப் பார்த்தேன், 2.8 பார். 40 கிலோவும் இல்லாத பிள்ளை, ரியூப் இல்லாத அகல ரயர்! அதை 1.3 வரை இறக்கினோம். வேர்களுக்கு மேல் போகும்போது ரயர் பந்துபோலத் துள்ளாமல் வேரை அணைத்துக்கொண்டு போனது. இரண்டாவது சுற்றில் அந்தப் பிள்ளை இறக்கத்தில் பிரேக்கை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு போனதைப் பார்த்தேன். ஒரு வாட்கூடக் கூடவில்லை, இறக்கத்தில் பயம் குறைந்துவிட்டது, அவ்வளவுதான். எட்டு முதல் பன்னிரண்டு வயது வரை கை, கண், சமநிலை இவை பஞ்சு தண்ணீரைக் குடிக்கிற மாதிரிப் பழகும். அந்த வயதில் வாட் மீட்டர் வாங்கிக் கொடுக்காதீர்கள். மரக்கட்டை மேல் ஓட விடுங்கள், காற்சட்டை கிழியட்டும்.

உயரம் மளமளவென்று கூடும் மாதங்களில் இன்னொன்று நடக்கும். நேற்று வரை செய்த வித்தையை இன்று பிள்ளையால் செய்ய முடியாது. கால் நீண்டுவிட்டது, மூளைக்கு இன்னும் தெரியாது. சோம்பல் என்று ஏசாதீர்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் இருக்கையின் உயரத்தைப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து நோகிறது என்றால் கொஞ்ச நாள் கடும் ஏற்றங்களைக் குறையுங்கள், நோவு குறையாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இனிச் சொல்லப்போவது எனக்குக் கஷ்டமான விஷயம். கிலோவுக்கு வாட் என்ற கணக்கைப் படித்த புதிதில், மகளுக்குப் பதினைந்து வயது, "இரவில் சோற்றைக் கொஞ்சம் குறைக்கலாமே" என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். ஒரு தரம்தான் சொன்னேன். அவள் அதை ஒரு வருடம் கடைப்பிடித்தாள். முதலில் ஏற்றத்தில் வேகம் கூடினது, நான் பெருமைப்பட்டேன். பிறகு களைப்பு, தடிமன், மாதவிடாய் நின்றுபோனது. அதை அவள் தாயிடம் சொன்னதே நான்கு மாதம் கழித்து. பெண் பிள்ளைகளுக்கு அந்த வயதில் உடம்பில் கொஞ்சம் கொழுப்புச் சேர்வது இயற்கை, ஏற்றத்தில் கொஞ்ச காலம் முன்னேற்றம் நிற்பதும் இயற்கை. மாதவிடாய் நிற்பது நல்ல பயிற்சியின் அடையாளம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், உடம்புக்குச் சாப்பாடு காணாது என்று அது சொல்கிறது, அந்த வயதில் சேர வேண்டிய எலும்புப் பலம் சேராமல் போகும். இரும்புச்சத்தையும் இரத்தத்தில் பார்ப்பியுங்கள். பயிற்சி முடிந்து வரும் பிள்ளைக்குச் சோறு, பருப்பு, முட்டை, மீன், வயிறு நிறையக் கொடுங்கள். எடையைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். அவள் இப்போது நல்லா இருக்கிறாள், இன்றைக்கும் ஓடுகிறாள், இதைச் சொல்ல அவளிடம் அனுமதி கேட்டுத்தான் வந்தேன்.

அப்புறம் புதன்கிழமைப் பிரச்சினை, எல்லோரும் கேட்கிறீர்கள். புதன் பின்னேரம் கிளப் பயிற்சியும் இருக்கிறது, தமிழ் வகுப்பும் இருக்கிறது. என் அனுபவத்தில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வாரம் இரண்டு தரம் பயிற்சி, ஒரு நாள் சும்மா நண்பர்களோடு காட்டில் ஓட்டம், போதும். கிளப்பில் கேட்டால் சனிக்கிழமைக் குழுவுக்கு மாற்றித் தருவார்கள், அல்லது தமிழ் வகுப்பைச் சனிக்கு மாற்றலாம். இரண்டில் ஒன்றை நிற்பாட்டத் தேவையில்லை. பனிக்காலத்தில் சறுக்கட்டும், பந்து அடிக்கட்டும், நீந்தட்டும். ஒன்பது மணி நேர நித்திரையில் மட்டும் கை வைக்காதீர்கள்.

மகனுக்கு இப்போது இருபது வயது. பதினாறில்தான் உயர்ந்தான். தேசிய அணியில் எல்லாம் இல்லை. போன சனிக்கிழமை என்னோடு ஏற்றத்தில் வந்தான், எனக்காக மூன்று இடத்தில் நின்று காத்திருந்தான்.

சரி, காற்று மானி ஒன்று மேசையில் வைத்திருக்கிறேன், சைக்கிள் கொண்டு வந்தவர்கள் வெளியே வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பின்னால் அக்கா கன நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறா, முதலில் அவ கேட்கட்டும்.