ஒட்டுக்கேட்டதால ஒரு பெண்ணைக் கொன்ன நாவலாசிரியர்!

[திரையில்: இருட்டு, மெழுகுவர்த்தி, 5:30 காட்டும் கடிகாரம்]

லண்டன்ல ஒரு கிளப். ரெண்டு பாதிரியார்கள் பேசுனதைக் கேட்டுட்டு, ஒரு மனுஷன் வீட்டுக்குப் போய் ஒரு பெண்ணைக் கொன்னுட்டார். நிஜமா நடந்தது. முழுசாப் பாருங்க, சொல்றேன்.

வணக்கம் மக்களே! அந்த மனுஷன் பேரு அந்தோணி டிராலப். 1815ல பிறந்தார். அப்பாவுக்குக் கடன், அம்மா புத்தகம் எழுதித்தான் குடும்பம் பிழைச்சுது. 19 வயசுல தபால் துறையில கிளார்க். சேனல் தீவுகள்ல தெருவோரத் தபால் பெட்டி வைக்கச் சொன்னதும் இவர்தான். 1852ல ஜெர்சி தீவுல வெச்சாங்க.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். காலை அஞ்சரைக்கு மேஜையில உக்காந்துடுவார். எழுப்பிவிடுற வேலைக்காரருக்கு அதுக்குன்னே வருஷம் 5 பவுண்டு கூடுதல் சம்பளம்! முதல் அரை மணி, நேத்து எழுதுனதைப் படிப்பார். அப்புறம் கடிகாரத்தை எதிர்ல வெச்சுக்கிட்டு, கால் மணிக்கு 250 வார்த்தை. நீங்க பாக்குற இந்த வீடியோ மொத்தமே கிட்டத்தட்ட அவ்வளவுதாங்க! எகிப்துக்கு ஆபீஸ் வேலையாப் போனப்ப, கப்பல் ஆடி ஆடி, நடுவுல ஓடிப்போய் வாந்தி எடுத்துட்டு வந்து மறுபடி எழுதியிருக்கார். இப்படியே 47 நாவல்.

1882ல இறந்தார். அடுத்த வருஷம் சுயசரிதை வந்துச்சு. இந்த ரகசியமெல்லாம் அதுல இருந்துச்சு. எழுத்துல சம்பாதிச்சது 68,939 பவுண்டு 17 ஷில்லிங் 5 பென்ஸ்னு கணக்கும் இருந்துச்சு. மணி பாத்து எழுதுறது கலையான்னு பலர் முகம் சுளிச்சாங்க. நான் ஒத்துக்கவே மாட்டேன். ஏன்னு கேளுங்க.

அந்த கிளப்புக்கு வருவோம். ஏதினியம் கிளப். டிராலப் ஒரு ஓரமா உக்காந்து எழுதிட்டிருக்கார். பக்கத்துல ரெண்டு பாதிரியார்கள் அவரோட நாவலையே திட்டுறாங்க: வந்த பாத்திரமே திரும்பத் திரும்ப வருதாம்! முக்கியமா மிஸஸ் ப்ரௌடி. பிஷப்போட மனைவி, புருஷனை ஆட்டிப்படைக்குற அம்மா. டிராலப் எழுந்து நின்னார். நான்தான் அந்த ஆளுன்னார். வாரம் முடியறதுக்குள்ள அந்த அம்மாவைக் கொன்னுடறேன்னார். பாதிரியார்களுக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. சொன்னபடி கொன்னும்போட்டார்.

அப்புறம் வருத்தப்பட்டார் மக்களே. அவளோட ஆவி கூடவே இன்னமும் வாழ்ந்துட்டிருக்கேன்னு சுயசரிதையில எழுதிவெச்சிருக்கார். மணி பாத்து எழுதுன மனுஷன்!

நீங்க படிச்ச கதையில யாரோட சாவு உங்களை விட்டுப் போகல? கமெண்ட்ல எழுதுங்க.